ஏழு டிகிரிக்குக் கீழே

டொராண்டோவில் ஒரு டிசம்பர் காலை. இரவில் விழுந்த பனியை மாநகராட்சி வண்டி வழித்துத் தள்ளி உப்பும் தூவிவிட்டுப் போயிருக்கிறது. தெருவில் தார் கறுப்பாகவே தெரிகிறது. ஆனால் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலத்தடி வாகன நிறுத்தத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சின்னச் சரிவில் ஒரு ஃபோர்ட் மஸ்டாங் திணறிக்கொண்டு நிற்கிறது. 460 குதிரைத்திறன் கொண்ட கார். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்சக்கரங்கள் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழல்கின்றன. காரின் பின்பக்கம் மெல்ல ஒருபுறமாக ஒதுங்குகிறது. அது பின்வாங்கி வழிவிட்டதும், பழைய டொயோட்டா கொரோலா ஒன்று எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறிப் போய்விடுகிறது.

குளிர்நாட்டில் ஒரு குளிர்காலத்தைக் கழித்த எவரும் இப்படியொரு காட்சியைப் பார்த்திருப்பார். மஸ்டாங்கின் டயர் கொரோலாவின் டயரைவிட அகலம் கூடியது, விலை பல மடங்கு கூடியது. சாலையைக் கவ்விப் பிடிப்பதற்கென்றே வடிவமைத்த டயர் அது. ஜூலை மாதத்தில் இதே சரிவில் கொரோலா அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஐந்து மாதத்தில் என்ன நடந்தது? டயர் தேயவில்லை, காற்றும் போகவில்லை.

பனி வழுக்கும் என்பது பாதிப் பதில்தான். பனியே இல்லாத உலர்ந்த சாலையிலும் குளிர் கூடக்கூட இந்த டயரின் பிடி தளர்ந்துகொண்டே வரும். மாறியது சாலை மட்டும் அல்ல, ரப்பரும்தான். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஆல்-சீசன் டயர் போட்டுச் சமாளிக்கலாமா, இல்லை வின்டர் டயரே வேண்டுமா?” விளம்பரத்தை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. ரப்பர் எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் விடை தானாகவே வரும்.

ரப்பர் என்பது ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் கூட்டம். வெப்பம் இருக்கும்வரை அந்தச் சங்கிலிகள் ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கும். அழுத்தினால் ஒதுங்கி இடம் கொடுக்கும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். குளிரக் குளிர நெளிவு மந்தமாகும். ஒரு கட்டத்துக்குக் கீழே சங்கிலிகள் அசையவே முடியாமல் இறுகி, ரப்பர் கெட்டியான, நொறுங்கக்கூடிய பொருளாகிவிடும். இதைக் கண்ணாடியாதல் என்றும், அது நடக்கும் வெப்பநிலையைக் கண்ணாடியாகும் வெப்பநிலை என்றும் சொல்லலாம். தண்ணீர் பனிக்கட்டியாவதுபோல ஒரே புள்ளியில் சட்டென்று நடப்பதல்ல இது. பல டிகிரி அகலத்துக்கு மெதுவாகப் படர்ந்து நடக்கும் மாற்றம். இயற்கை ரப்பருக்கு இது ஏறத்தாழ மைனஸ் 70 டிகிரி. டயரில் கலக்கும் பாலிபியூடடையீன் என்ற செயற்கை ரப்பருக்கு மைனஸ் 100 டிகிரியை ஒட்டி. ஸ்டைரீன் கூடுதலாகச் சேர்த்த செயற்கை ரப்பர்களுக்கு இது இன்னும் மேலே, பூஜ்யத்துக்குக் கிட்டே வரும். கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயரின் ரப்பர் இந்தக் கடைசி வகையின் பக்கம் சாய்ந்தது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். டொராண்டோவில் அன்று காலை மைனஸ் 4 டிகிரிதானே? மஸ்டாங் டயரை விரலால் அழுத்திப் பார்த்தால் இன்னமும் ரப்பராகத்தானே இருக்கிறது, கண்ணாடியாகவில்லையே?

கடலை மிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இதன் விடை கைப்பழக்கத்திலேயே தெரியும். சூடான பாகை இழுத்தால் கம்பியாக நீளும். சற்றே ஆறிய பாகு, மெதுவாக இழுத்தால் இன்னமும் நீளும். வெடுக்கென்று இழுத்தால் முறிந்துவிடும். முழுக்க ஆறிய பாகு எப்படி இழுத்தாலும் உடையும். ஆக, பாகை உடைக்க இரண்டு வழி: ஆறவிடலாம், அல்லது அவசரப்படுத்தலாம். மூலக்கூறுகளுக்கு இரண்டும் ஒன்றுதான். இடம் மாறுவதற்கு அவற்றுக்குத் தேவைப்படும் நேரத்தைவிட நாம் கொடுக்கும் நேரம் குறைவாக இருந்தால் அவை கெட்டிப்பொருளாகவே நடந்துகொள்ளும். ரப்பரும் அப்படித்தான். ஓரளவு பாகுபோல ஒழுகியும் ஓரளவு ஸ்பிரிங்போல மீண்டும் நடந்துகொள்ளும் இந்தக் குணத்துக்குப் பாகுமீள்மை என்று பெயர் வைக்கலாம்.

விரல் ரப்பரை அழுத்தும் வேகம் ஒன்று, சாலை அழுத்தும் வேகம் வேறொன்று. தார்ச்சாலை வழவழப்பானது அல்ல. அதில் மில்லிமீட்டர் அளவுக் கல்முனைகள் இருக்கின்றன, அந்த முனைகளின் மேலே ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இன்னும் நுணுக்கமான சொரசொரப்பும் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது டயரின் தொடுபரப்பு சாலைமேல் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சறுக்குவதாக வைத்துக்கொள்வோம். மில்லிமீட்டர் முனைகள் ரப்பரை நொடிக்கு ஆயிரம் தடவை குத்தும், நுண்முனைகளோ பத்து லட்சம் தடவை. விரலுக்கு மெத்தென்று இருக்கும் ரப்பர், அந்த வேகத்தில் குத்தப்படும்போது இறுகிப்போன பொருள். அதனால்தான் கடையில் டயரை நகத்தால் அழுத்திப் பார்த்துக் குளிருக்குத் தாங்குமா என்று முடிவுகட்டுவதில் பயன் இல்லை.

குளிர்ந்த ரப்பர் மீண்டெழத் தாமதிப்பதைக் கோடிக்கணக்கானவர்கள் அறிந்துகொண்ட நாள் 1986 பிப்ரவரி 11. அதற்கு முந்தின மாதம் சாலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறி ஏழு பேர் இறந்திருந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையத்தின் ஒரு துண்டைச் சின்ன இடுக்கியில் நெரித்து, மேசைமேல் இருந்த ஐஸ் தண்ணீரில் போட்டார். வெளியே எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது அது உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை, சில நொடிகள் நசுங்கியபடியே இருந்தது. அந்த வளையம் பூஜ்யம் டிகிரியில் உடையவும் இல்லை, கண்ணாடியாகவும் இல்லை. பின்தங்கியது, அவ்வளவே. குளிர்ந்திருந்த ஏவுதளத்தில் அந்தத் தாமதம் விபத்துக்குப் போதுமானதாக இருந்தது.

டயர் விஷயத்தில் இதைவிடக் கறாரான சான்று 23 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. இங்கிலாந்தில் ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வுக் கழகத்தில் கே. ஏ. குரோஷ் என்பவர் செய்து 1963-இல் வெளியிட்ட ஆய்வு அது. ரப்பர்த் துண்டுகளைக் கண்ணாடிமேலும் உப்புத்தாள்போன்ற சொரசொரப்பான பரப்பின்மேலும் இழுத்து, எவ்வளவு உராய்கிறது என்று அளந்தார். வேகமாக இழுத்தால் உராய்வில் ரப்பர் சூடேறிக் கணக்கைக் கெடுத்துவிடும். எனவே நொடிக்குச் சில சென்டிமீட்டருக்கு மேல் போகவே இல்லை. வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக வெப்பநிலையை மாற்றினார், மைனஸ் 50-க்கும் கீழே தொடங்கி 90 டிகிரி வரைக்கும். ஒவ்வொரு வெப்பநிலையிலும் ஒரு சிறு வளைகோட்டுத் துண்டு கிடைத்தது. குளிரும் வேகமும் ஒன்றுக்கொன்று ஈடு என்ற விதியை வில்லியம்ஸ், லேண்டல், ஃபெர்ரி மூவரும் 1955-இல் எண்களாக வகுத்திருந்தார்கள். அந்த விதிப்படி துண்டுகளை நகர்த்தி வைத்தபோது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி, ஒரே நீண்ட கோடாகச் சேர்ந்தன. ஆய்வுக்கூடத்தில் ஒருபோதும் எட்டாத வேகங்களில் ரப்பர் எப்படி உராயும் என்று அந்தக் கோடு சொன்னது.

அந்தக் கோடு மலைபோல ஏறி இறங்கியது. மிக மென்மையான ரப்பருக்கும் மிக இறுகிய ரப்பருக்கும் உராய்வு குறைவு, இடையில் எங்கோ ஓர் உச்சம். சொரசொரப்பான பரப்பில் உராய்வுக்கு இரண்டு காரணங்கள் கலந்திருந்தன. குரோஷ் அந்தப் பரப்பில் மெக்னீசியாத் தூளைத் தூவினார். ரப்பர் பரப்போடு ஒட்டிக்கொள்வதால் வரும் உராய்வு மறைந்துபோயிற்று, முனைகள் ரப்பரைப் பிசைவதால் வரும் உராய்வு அப்படியே நின்றது. பிசைவதால் வரும் இந்த உராய்வின் உச்சம் எந்த வேகத்தில் வருகிறது என்பது முனைகளுக்கு இடையிலான தூரத்தோடு பொருந்தியது. ஒரு சிட்டிகைத் தூளால் இரண்டு காரணங்களைப் பிரித்துக்காட்டிய இந்தச் சோதனையை, ரப்பர் அறிவியலின் மிக அழகான சோதனைகளில் ஒன்றாக மதிக்கிறேன்.

முனைகள் பிசைவதால் எப்படிப் பிடிமானம் வருகிறது? ஒரு கல்முனைமேல் ரப்பர் சறுக்கும்போது முனையின் முன்பக்கத்தில் ரப்பர் நசுங்குகிறது, பின்பக்கத்தில் மீள்கிறது. நசுங்கிய வேகத்திலேயே மீண்டால் பின்பக்கத்தைத் தள்ளும் விசை முன்பக்கத்தை எதிர்க்கும் விசையைச் சரிக்கட்டிவிடும், பிடி எதுவும் மிஞ்சாது. மீள்வதில் கொஞ்சம் தயங்கினால், முன்பக்க எதிர்ப்பு மிஞ்சி நிற்கும். அந்த மிச்சம்தான் பிடிமானம். இயற்பியலில் இதற்குத் தயக்கம் என்றே பெயர். தயக்கமே இல்லாத ரப்பர் வழுக்கும். முழுக்க இறுகிய ரப்பரோ முனையைச் சுற்றி வளைந்துகொடுக்காமல் மேலோடு போய்விடும், அதுவும் வழுக்கும். மென்மைக்கும் இறுக்கத்துக்கும் நடுவில், கண்ணாடியாகும் எல்லைக்குப் பக்கத்தில் ஆனால் அதைத் தாண்டாமல் இருக்கும்போதுதான் ரப்பர் நன்றாகப் பிடிக்கும்.

டயர் தேர்வின் முழுச் சிக்கலும் இந்த ஒரு விஷயத்திலிருந்து பிறக்கிறது. கோடைக்கால ஸ்போர்ட்ஸ் டயரைச் செய்பவர், சூடேறிய ரப்பர் வெயில் காய்ந்த சாலையில் உச்சத்தில் இருக்கும்படி கலவையை அமைக்கிறார். அதே கலவை மைனஸ் 4 டிகிரியில் உச்சத்தைத் தாண்டி இறுக்கத்தின் பக்கம் இறங்கிவிடுகிறது. வின்டர் டயரைச் செய்பவர் உச்சத்தைக் குளிரின் பக்கம் தள்ளி வைக்கிறார். அந்த ரப்பர் 30 டிகிரியில் தேவைக்குமேல் இளகி, வளைவில் நெளியும், பிரேக்கில் நீளமாக ஓடும், சீக்கிரம் தேயும். ஆல்-சீசன் என்பது இரண்டுக்கும் நடுவில் உச்சத்தை வைத்து, கூடவே அதைக் கொஞ்சம் அகலமாக்க முயலும் டயர். எவ்வளவு திறமையாகச் செய்தாலும், ஜூலையில் கோடை டயரையோ ஜனவரியில் வின்டர் டயரையோ அதனதன் களத்தில் அது வெல்லாது.

உச்சத்தை அகலமாக்கும் முயற்சியில் பெரிய திருப்பம் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. டயருக்குக் கறுப்பு நிறத்தையும் வலுவையும் தருவது புகைக்கரி. மிஷெலின் நிறுவனம் அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, ரப்பரோடு வேதிப்பிணைப்பால் கட்டிய சிலிக்காத் தூளைச் சேர்த்து 1992-இல் டயர் வெளியிட்டது. உருளும்போது வீணாகும் ஆற்றல் குறைந்தது, ஈரச்சாலையில் பிடியும் குறையவில்லை. தயக்கம்தான் பிடிமானம் என்றால் இரண்டும் ஒன்றாக எப்படி முடியும்? மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் டயர் நொடிக்கு 14 தடவைதான் சுழல்கிறது. உருளும் இழப்பு அந்த மெதுவான தாளத்தில் நடப்பது, பிடிமானம் நொடிக்கு ஆயிரம், லட்சம் தாளத்தில் நடப்பது. ஒரு தாளத்தில் தயங்காமலும் இன்னொரு தாளத்தில் தயங்கியும் நடக்கும் ரப்பரைச் சிலிக்கா சாத்தியமாக்கியது.

இதைச் சோதிக்கும் முறையும் குளிரும் வேகமும் ஈடு என்ற அதே விதியில் நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் ரப்பர்ப் பட்டை ஒன்றை நொடிக்குப் பத்துத் தடவை ஆட்டி, அதில் எவ்வளவு ஆற்றல் தொலைகிறது என்று அளப்பார்கள். 60 டிகிரியில் வரும் எண் எரிபொருள் செலவைக் காட்டும். 0 டிகிரியில் வரும் எண், வெதுவெதுப்பான ஈரச்சாலையில் பிரேக் பிடிப்பதைக் காட்டும், ஏனென்றால் குளிரில் மெதுவாக ஆட்டுவது சூட்டில் வேகமாக ஆட்டுவதற்குச் சமம். மைனஸ் 20, 30 டிகிரியில் எவ்வளவு விறைப்பு என்பது பனியில் டயர் எப்படி நடக்கும் என்பதைக் காட்டும். அந்த விறைப்பைக் குறைக்க எண்ணெய் சேர்ப்பார்கள். குட்இயர் 2017-இல் கொண்டுவந்த ஓர் எல்லாப் பருவ டயரில் பெட்ரோலிய எண்ணெய்க்குப் பதில் சோயா எண்ணெய் இருக்கிறது.

‘7 டிகிரிக்குக் கீழே கோடை டயர் வேண்டாம்’ என்று ஐரோப்பாவில் டயர் நிறுவனங்கள் சொல்லிவருவதற்கு இப்போது அர்த்தம் புரியும். 7 என்பது இயற்கையின் எல்லைக்கோடு அல்ல. மாற்றம் படிப்படியாக நடப்பதால், 8 டிகிரியில் பத்திரம், 6 டிகிரியில் ஆபத்து என்று எதுவும் கிடையாது. கவனிக்கத் தொடங்க வேண்டிய இடம் என்று எடுத்துக்கொள்வதே சரி. ஆனால் மைனஸ் 7 வேறு. செவ்ரோலே கார்வெட் போன்ற கார்களின் கையேட்டிலேயே, மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே கோடைக்கால டயரின் ட்ரெட், அதாவது சாலையைத் தொடும் பரப்பில் வெடிப்பு விழலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது. ஓட்டாமல் வெளியே நிறுத்திவைத்த காரின் டயருக்கும் குளிர் அதே குளிர்தான். கோடை டயரைக் கழற்றி வைப்பவர்கள் அதை உறைகுளிரில் போட்டுவைக்கக் கூடாது.

இதுவரை சொன்னது ரப்பர் பற்றி. பனிமேல் ஓட ரப்பர் மட்டும் போதாது, வெட்டுமுறையும் வேண்டும். புதுப்பனியில் டயர் ஓடும்போது அதன் பள்ளங்களில் பனி இறுகி அடைபடுகிறது. பார்ப்பதற்கு இது கெடுதலாகத் தோன்றும், உண்மையில் நன்மை. பனி ரப்பரைவிடப் பனியோடுதான் நன்றாகப் பிடிக்கும். பள்ளத்தில் இறுகிய பனி சாலையிலுள்ள பனியில் ஊன்றி, அதை அறுத்துக்கொண்டுதான் சக்கரம் சறுக்க முடியும். கோடை ஸ்போர்ட்ஸ் டயரில் பள்ளங்கள் சில நீள வாய்க்கால்கள் மட்டுமே, மிச்சமெல்லாம் அகலமான கட்டிகள். பனிக்குப் பிடிகொடுக்க அதில் குறுக்கு விளிம்பு இல்லை. வின்டர் டயரின் ஒவ்வொரு கட்டியிலும் பிளேடால் கீறியதுபோல மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக ஓடும். 1920-களில் இதற்குக் காப்புரிமை பெற்ற ஜான் சைப்பின் பெயராலேயே அவற்றை ‘சைப்’ என்கிறார்கள். கட்டி வளையும்போது ஒவ்வொரு கீறலும் திறந்து ஒரு விளிம்பாகப் பனியில் ஊன்றும்.

அதே கீறல்கள் உலர்சாலையில் கட்டியை நெகிழவைத்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்ப வேண்டும் என்பதற்காகவே ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவருக்கு இந்த நெகிழ்வு பிடிக்காது. அதனால் ஸ்போர்ட்ஸ் ஆல்-சீசன் டயர்களில் கீறலின் உட்சுவரை அலை அலையாக வார்க்கிறார்கள். சுமை ஏறும்போது இரு சுவர்களும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், கட்டி விறைப்பாகவே இருக்கும். மிகக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இது. ஆனாலும் கீறல்களின் எண்ணிக்கையில் இந்த டயர்கள் வின்டர் டயரைத் தொடுவதில்லை.

பனிக்கட்டி முற்றிலும் வேறு கதை. அதில் ஊன்றி அறுக்க எதுவும் இல்லை. பவ்டன், ஹியூஸ் என்ற இருவர் 1939-இல் ஆல்ப்ஸ் மலையின் யுங்ஃபிராவ்யோக் ஆய்வு நிலையத்தில் சோதனை செய்து, உராய்வுச் சூட்டில் பனிக்கட்டியின் மேற்பரப்பு உருகி நீர்ப்படலம் உண்டாவதுதான் வழுக்கலுக்குக் காரணம் என்று சொன்னார்கள். அதனால் மைனஸ் 20 டிகிரிப் பனிக்கட்டியைவிடப் பூஜ்யத்தை ஒட்டிய பனிக்கட்டி மோசமாக வழுக்கும். டொராண்டோ, மான்ட்ரியல் சாலைகளில் இலேசாக உருகி மறுபடி உறையும் நாள்கள் கொடும்குளிர் நாள்களைவிட ஆபத்தாவது இதனால்தான். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதித்தபின் ஒரு கார் எவ்வளவு தூரம் ஓடும் என்று வழக்கமான உராய்வு எண்களை வைத்துக் கணக்கிட்டால், உலர்ந்த தாரில் சுமார் 11 மீட்டர், இறுகிய பனியில் 40 மீட்டர், பனிக்கட்டியில் 100 மீட்டர் வரும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றாலும் இந்தக் கணக்கு மாறாது. இழுக்கும் சக்கரங்கள் கூடினால் கிளம்புவது எளிதாகும், நிற்பதற்கு எந்த வண்டிக்கும் நான்கு டயர்தான்.

கடைக்குப் போனால் முதலில் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். எம்+எஸ் என்ற எழுத்துகள் பெரும்பாலான ஆல்-சீசன் டயர்களில் இருக்கும். சேறு, பனி என்பதன் சுருக்கம் அது. ட்ரெட்டில் போதிய பள்ளம் இருக்கிறது என்று தயாரிப்பாளரே சொல்லிக்கொள்ளும் குறி, எந்தப் பனியிலும் ஓட்டிச் சோதித்துத் தரப்பட்டதல்ல. மூன்று சிகரமுள்ள மலை, அதன் நடுவே ஒரு பனிப்பூ என்ற குறி வேறு. 1999-இல் அமெரிக்க, கனடா ரப்பர்த் துறையினர் கொண்டுவந்தது. இறுகிய பனியில் ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது பத்து விழுக்காடு கூடுதலாக இழுத்தால்தான் இந்தக் குறி கிடைத்தது. இதற்கும் எல்லை உண்டு. அந்த அமெரிக்கச் சோதனை பார்ப்பது பனியில் முன்னோக்கி இழுக்கும் திறனை. பனிக்கட்டியில் எப்படி நிற்கும், வளைவில் எப்படித் திரும்பும் என்பதை அது சொல்லாது.

சட்டங்களும் இந்த மலைக்குறியையே நம்புகின்றன. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைக்குறி உள்ள டயரோ ஆணி பதித்த டயரோ கட்டாயம். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் குளிர்காலச் சாலைநிலையில் எம்+எஸ் மட்டும் உள்ள டயர் செல்லாது. ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் வின்டர் டயர் போட்டால் காப்பீட்டில் கழிவு தரவேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது.

கனடாவில் மலைக்குறி உள்ள எல்லாப் பருவ டயரை ‘ஆல்-வெதர்’ என்றும், எம்+எஸ் மட்டும் உள்ளதை ‘ஆல்-சீசன்’ என்றும் கடைக்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4, கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ் 06 பிளஸ் போன்ற பெயர்பெற்ற ஸ்போர்ட்ஸ் ஆல்-சீசன் டயர்கள் எம்+எஸ் வகை, மலைக்குறி இல்லாதவை. குளிர்ந்த உலர்சாலையிலும் மழையிலும் மிகத் திறமாக நடக்கும், இலேசான பனியையும் சமாளிக்கும். அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. மிஷெலின் 2015-இல் தொடங்கிய கிராஸ்கிளைமேட் வரிசை, வ்ரெடஸ்டைன் குவாட்ராக் ப்ரோ போன்றவை மலைக்குறி பெற்றவை.

கான்டினென்டலின் அந்த டயரில் எனக்கு மிகப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ட்ரெட் பரப்பிலேயே டி, டபிள்யூ, எஸ் என்று மூன்று எழுத்துகளை வெவ்வேறு ஆழத்தில் செதுக்கியிருக்கிறார்கள். டயர் தேயத் தேய முதலில் அழிவது எஸ், அதாவது இனிப் பனிக்கு இந்த டயர் உதவாது. அடுத்து டபிள்யூ, இனி ஈரத்துக்கும் உதவாது. பனியைக் கவ்வ ஆழமான பள்ளம் வேண்டும், மழைநீரை ஒதுக்க அதைவிடக் குறைவு போதும், உலர்சாலைக்கு அதுவும் வேண்டாம் என்ற பாடம் முழுவதும் மூன்று எழுத்தில் வந்துவிடுகிறது. ட்ரெட் 1.6 மி.மீ. வரை தேயலாம் என்று பல நாட்டுச் சட்டங்கள் அனுமதித்தாலும், ஆஸ்திரியாவில் வின்டர் டயருக்கு 4 மி.மீ. கட்டாயம். பனியில் ஓட்டுபவர்கள் எங்கே இருந்தாலும் அந்த 4 மி.மீட்டரையே தம் எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது.

மஸ்டாங்குக்கும் கொரோலாவுக்கும் இன்னொரு வித்தியாசம் அகலம். டயர் சாலையைத் தொடும் பரப்பு பெரும்பாலும் காரின் எடையையும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. அகலமான டயரின் தொடுபரப்பு குட்டையாகவும் அகன்றும் இருக்கும், ஒடுங்கிய டயருடையது நீண்டு இருக்கும். குழைந்த பனியில் அகன்ற டயர் தன் முழு அகலத்துக்கும் பனியை ஒதுக்க வேண்டும், அதற்குக் கிடைக்கும் தூரமும் குறைவு, அதனால் மேலே மிதந்துவிடுகிறது. இதனால்தான் குளிர்காலத்துக்கு ஓர் அளவு சிறிய ரிம்மும் ஒடுங்கிய டயரும் போடுவார்கள். ஸ்போர்ட்ஸ் காரின் பெரிய பிரேக் சிறிய ரிம்முக்குள் அடங்குமா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்றழுத்தமும் குளிரில் இறங்கும், பத்து டிகிரிக்குச் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ. 15 டிகிரியில் இருக்கும் நிலத்தடி நிறுத்தத்தில் சரியாக அடித்த காற்று, மைனஸ் 15-இல் ஏறத்தாழ ஐந்து பிஎஸ்ஐ குறைந்திருக்கும்.

இனி என் தீர்ப்பு. லண்டன் போன்ற ஊரில் ஜனவரிப் பகல் 8 டிகிரியை ஒட்டியும் இரவு 2, 3 டிகிரியாகவும் இருக்கும், பனி அபூர்வம், மழை தாராளம். அங்கே ஸ்போர்ட்ஸ் காருக்கு நல்ல ஆல்-சீசன் டயரே சரியான டயர். அந்தக் குளிருக்கும் ஈரத்துக்கும்தான் அதன் உச்சம் அமைந்திருக்கிறது. வின்டர் டயர் அங்கே வீண்செலவு. டொராண்டோவில் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: பனி கொட்டுகிற நாளில் இந்தக் காரை வெளியே எடுப்பீர்களா? மாட்டேன், வீட்டில் வேறு வண்டி இருக்கிறது என்றால் ஆல்-சீசன் போதும். இந்தக் காரில்தான் தினமும் வேலைக்குப் போய்வர வேண்டும் என்றால், தனி ரிம்மில் ஒரு ஜோடி வின்டர் டயர் என்று தொடங்காதீர்கள், நான்கும் வாங்குங்கள். பாதி ஆண்டுதான் ஓடும் என்பதால் கோடை டயரும் அதிக ஆண்டுகள் உழைக்கும், இரண்டாம் தொகுதியின் செலவில் ஒரு பகுதி அப்படியே திரும்பிவிடும். கியூபெக்கில் யோசிக்கவே வேண்டாம், சட்டம் முடிவு செய்துவிட்டது.

நான்கும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இழுக்கும் சக்கரம் இரண்டுக்கு மட்டும் நல்ல டயர் போட்டுப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முன்சக்கரம் நன்றாகப் பிடித்து, பின்சக்கரம் பிடி விட்டால் வளைவில் கார் தன்னைத்தானே சுற்றிவிடும். பின்சக்கரம் மட்டும் பிடித்தால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே போகும், பிரேக்கின் பெரும்பாரம் விழும் முன்சக்கரமும் வழுக்கும். கோடை, ஆல்-சீசன், வின்டர் எதுவானாலும் நான்கும் ஒரே வகை, ஒரே தேய்மானம். அதற்குப் பணம் போதாத ஆண்டில், பனி விழும் நாள்களில் பேருந்தில் போய்வாருங்கள்.